யாரும் வேண்டாத ஆட்டம்

2021 நவம்பரில், பிரிட்டனின் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகளுக்காக ஒரு வாக்கெடுப்பு நடந்தது. எல்லாக் காலத்துக்குமான மிகச் சிறந்த வீடியோ கேம் எது என்று ரசிகர்களைக் கேட்டார்கள். வென்றது ‘டார்க் சோல்ஸ்’. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அதைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘எல்டன் ரிங்’ வெளிவந்தது. ஓராண்டுக்குள் 2 கோடிப் பிரதிகள் விற்றது. கேம் உலகில் ‘சோல்ஸ்லைக்’ என்று இன்று ஒரு வகையே இருக்கிறது. அந்தச் சொல்லை அட்டையில் போட்டுக்கொள்ளும் கேம்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன.

இத்தனைக்கும் மூலம் 2009 பிப்ரவரி 5 அன்று ஜப்பானில் ப்ளேஸ்டேஷன் 3க்கு வெளியான ‘டீமன்ஸ் சோல்ஸ்’. அன்று அதை யாரும் வேண்டவில்லை. பணம் போட்ட நிறுவனம்கூட வேண்டவில்லை.

அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் அருகிலிருந்து பார்த்தவன் நான். 2009இல் சிங்கப்பூரில் என் நண்பர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. இன்று என் அக்கா மகனின் வகுப்பில் அந்த வரிசைக் கேம்களில் ஒன்றையாவது கேள்விப்படாத பிள்ளை இல்லை. அன்று ஒதுக்கியவர்கள் சொன்ன காரணமும் இன்று கொண்டாடுகிறவர்கள் சொல்லும் காரணமும் ஒன்றாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அன்று, ‘ரொம்பக் கஷ்டம், அதனால் வேண்டாம்’ என்றார்கள். இன்று, ‘ரொம்பக் கஷ்டம், அதனால்தான் வேண்டும்’ என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் அந்த கேமின் உயிர் விடுபட்டுப் போகிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

*

ஃப்ரம்சாஃப்ட்வேர் 1986இல் டோக்கியோவில் தொடங்கப்பட்டபோது, அலுவலகங்களுக்கான மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நிறுவனம். 1994 டிசம்பரில் ப்ளேஸ்டேஷன் ஜப்பானில் கடைக்கு வந்த அதே மாதம், ‘கிங்ஸ் ஃபீல்ட்’ என்ற முதல் கேமை வெளியிட்டது. இருண்ட நிலவறை, மெதுவான நடை, எங்கே போக வேண்டும் என்று வாய் திறந்து சொல்லாத உலகம். அதற்கென்று ஒரு சிறு கூட்டம் ஜப்பானில் உருவானது. பிறகு ‘ஆர்மர்டு கோர்’ என்ற இயந்திர மனிதச் சண்டை வரிசை வந்தது. நிறுவனம் அதில் காலூன்றியது.

ஹிடெடாகா மியாசாகி அங்கே தாமதமாக வந்து சேர்ந்தவர். ஷிசுவோகாவில் வசதியில்லாத குடும்பத்தில் வளர்ந்தவர். புத்தகம் வாங்கப் பணமில்லாத வீடு; நூலகமே கதி. தன் வயதுக்கு மீறிய ஆங்கில மாயக்கதைகளை எடுத்து வந்து, புரிந்தது பாதி, புரியாத பாதியைப் படங்களைப் பார்த்துத் தானே இட்டு நிரப்பிக்கொள்வாராம். பேட்டிகளில் அவரே சொன்னது இது. கெய்யோ பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படித்து, ஆரக்கிள் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். அப்போது ஒரு நண்பர் சொல்லி ‘இகோ’ என்ற கேமை ஆடினார். சோனியின் ஜப்பான் கலைக்கூடத்தில் உருவாகி 2001இல் வெளிவந்த அந்த கேமில், கொம்பு முளைத்த சிறுவன் ஒருவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பாழடைந்த கோட்டையிலிருந்து தப்பிக்கிறான். பேச்சு மிகக் குறைவு. விளக்கம் அதைவிடக் குறைவு. மியாசாகி வேலையை விட்டார். முப்பதை நெருங்கும் வயதில், அனுபவமே இல்லாமல் கேம் நிறுவனங்களின் கதவைத் தட்டினார். 2004இல் ஃப்ரம்சாஃப்ட்வேர் கதவைத் திறந்தது.

அவர் ‘ஆர்மர்டு கோர்’ வேலைகளில் இருந்தபோது, பக்கத்தில் இன்னொரு குழு ஒரு மாயக்கதைக் கேமுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. சோனியின் ஜப்பான் கலைக்கூடத்தோடு சேர்ந்து செய்த வேலை. அங்கே தகேஷி கஜி தயாரிப்பாளர். மாதிரி ஒன்றும் சரியாக வரவில்லை. தேறாது என்று பலரும் கைகழுவியிருந்த அந்தத் திட்டத்தை மியாசாகி விரும்பிக் கேட்டு எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே தோற்றுவிட்ட வேலை. தன் யோசனைகளும் தோற்றால் யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆகவே நினைத்ததைச் செய்யலாம் என்பது அவர் கணக்கு. பல ஆண்டுகள் கழித்து இதை அவர் ஒளிக்காமல் சொன்னார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்று யோசிப்பேன். யார் கண்ணும் படாத மூலை ஒன்று அந்த நிறுவனத்துக்குள் இருந்தது. புதிதாக வந்தவர் ஒருவரை நம்பி அதைக் கொடுத்தார்கள். பிற்பாடு வந்த விருதுகளும் கோடிக்கணக்கான விற்பனையும் அந்த ஒரு முடிவுக்குள் அடங்கியிருந்தன.

*

2008 டோக்கியோ கேம் ஷோவில் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ பார்வைக்கு வந்தது. வந்தவர்கள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்துச் சற்று நேரத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஆடிப் பார்க்கக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் பிடிபடுகிற கேம் அல்ல அது. ஜப்பானின் ஃபமிட்சு வார இதழில் நான்கு விமர்சகர்கள் சேர்ந்து கொடுத்தது 40க்கு 29. முதல் வார விற்பனை சோர்வு தந்தது.

அப்போது சோனியின் உலகக் கலைக்கூடங்களுக்குத் தலைவராக இருந்தவர் ஷூஹெய் யோஷிதா. வெளியீட்டுக்கு முன் அவர் அதை ஆடிப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிந்தும் தொடக்கத்தைத் தாண்ட முடியவில்லை. நம்ப முடியாத அளவுக்கு மோசமான கேம் என்று அன்று தீர்ப்புச் சொன்னதாக அவரே பின்னாளில் ஒரு பேட்டியில் கூறினார். ஜப்பானுக்கு வெளியே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைத் தன் பெயரில் வெளியிடுவதில்லை என்று சோனி முடிவெடுத்தது.

யோஷிதா மேல் எனக்குக் கோபமில்லை. தன் தீர்ப்பு தவறிய கதையை ஊரறியச் சொன்ன நேர்மை பெரிது. அந்தப் பதவியில் உட்கார்ந்து பார்த்தால் அவருக்குத் தெரிந்தது உண்மையிலேயே ஒரு நொண்டிக் குதிரைதான். வேகம் குறைந்த நடை, இருட்டு, இசையில்லாத வழிகள், செத்தால் எல்லாம் போகும் என்ற விதி. அந்த ஆண்டுகளில் வந்த பெரிய கேம்கள் ஆடுகிறவரின் விரலைப் பிடித்து அழைத்துப் போயின. அம்புக்குறி வழி காட்டும்; தவறினால் இரண்டடி பின்னால் எழுந்து நிற்கலாம். அந்தக் காலத்தில் இது எதிர்த்திசையில் நடந்தது.

*

ஆசியப் பதிப்பு மட்டும் வேறு கதை. 2009 பிப்ரவரி முடிவதற்குள், ஆங்கில எழுத்துகளோடு அது ஆசியக் கடைகளுக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயரில் ஒரு கடையின் மேல்தட்டில் அதைப் பார்த்தேன். விளம்பரத் தாள் இல்லை, அட்டை உருவம் இல்லை. கடைக்கார அங்கிள், இதை வாங்குபவர்கள் ஒன்று மறுநாளே திருப்பிக் கொடுக்க வருகிறார்கள், இல்லையென்றால் வேறு எதையும் வாங்க வருவதேயில்லை என்றார். அதற்கு மேல் எனக்குப் பரிந்துரை தேவைப்படவில்லை.

பொலடேரியா என்றொரு நாடு. ஆல்லன்ட் என்ற அரசன் ஆன்மாக்களின் வலிமைக்கு ஆசைப்பட்டு, உறங்கிக் கிடந்த ஆதி அரக்கனை எழுப்பிவிடுகிறான். நிறமில்லாத மூடுபனி நாட்டைச் சூழ்கிறது. உள்ளே போனவர்கள் திரும்புவதில்லை. அந்தப் பனியைக் கடந்து வரும் ஒருவராக நாம் தொடங்குகிறோம். அடிப்படை அசைவுகளைக் கற்றுத்தரும் முதல் பகுதியின் முடிவில் ஒரு பெரிய அரக்கன் நிற்கிறான். அவன் அடித்தால் சாவு. முட்டி மோதி அவனை வீழ்த்தினாலும், அதற்குப் பின்னால் வரும் டிராகனின் கையால் சாவு. எந்த வழியில் போனாலும் கதை சாவில்தான் தொடங்குகிறது. செத்த பிறகே நெக்சஸ் என்ற மண்டபத்தில் கண் விழிக்கிறோம். மெழுகு பூசி மூடிய கண்களோடு கறுப்பு உடைப் பெண் ஒருத்தி அங்கே விளக்கேந்தி நிற்கிறாள்.

எதிரியைக் கொன்றால் கிடைக்கும் ஆன்மாக்களே காசு, அவையே வலிமையும்கூட. செத்தால் கையிலிருப்பவை அத்தனையும் விழுந்த இடத்தில் ரத்தக் கறையாகக் கிடக்கும். பகுதியின் தொடக்கத்திலிருந்து மறுபடி நடந்து அந்தக் கறையைத் தொட்டால் திரும்பக் கிடைக்கும். வழியில் இன்னொரு முறை செத்தால் போனது போனதுதான். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது.

எழுத்தில் இது கொடுமையாகத் தெரியும். ஆடும்போது கைக்குத் தெரிவது வேறு. கோட்டையின் மூலையில் பதுங்கியிருந்த வீரன் அடுத்த முறையும் அதே மூலையில்தான் இருப்பான். படிக்கட்டில் உருண்டு வரும் இரும்புக் குண்டு அதே படிக்கட்டில்தான் வரும். பாலத்தின் மேல் டிராகன் நெருப்பைக் கொட்டும் முன், பாலத்தின் மேல் கருகிக் கிடக்கும் உடல்களைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். பார்த்து நடந்தவன் பிழைப்பான். இதில் ஏமாற்று இல்லை. நம்மை அறிவுள்ளவராக மதித்துப் பேசும் ஒரு கேமை நான் அதற்கு முன் அதிகம் கண்டதில்லை. கஷ்டப்படுத்துவது நோக்கமல்ல, ஒன்றைச் சாதித்த மனநிறைவைத் தருவதே நோக்கம் என்று மியாசாகி அப்போதிருந்தே சொல்லிவருகிறார். ஆடியவர்களுக்கு அது சொல்லாமலே புரிந்தது.

*

இனி, அந்த கேமின் உயிர் என்று நான் நம்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

தரையில் ஆங்காங்கே எழுத்துகள் ஒளிரும். உலகின் ஏதோ ஒரு மூலையில் இதே கேமை ஆடிக்கொண்டிருக்கும் யாரோ எழுதிவைத்தவை. முன்னால் பதுங்கியிருக்கிறார்கள் என்பார்கள். இங்கே பொருள் இருக்கிறது என்பார்கள். சொந்தமாக எதையும் எழுத முடியாது. கேம் கொடுத்திருக்கும் சொற்களைக் கோத்துத்தான் எழுத வேண்டும். அது உதவியது என்று நான் மதிப்பிட்டால், அதை எழுதியவரின் உடல்நலம் அவர் இருக்கும் இடத்தில் அந்தக் கணமே நிரம்பும். அவர் ஒருவேளை சாகும் தறுவாயில் இருந்திருக்கலாம். யாரோ எங்கோ சொன்ன நன்றி அவரைப் பிழைக்கவைக்கும். மற்றவர்களின் ரத்தக் கறைகளும் தரையில் கிடக்கும். தொட்டால் அவர்களுடைய கடைசி நொடிகள் சிவப்பு நிழலாக நம் கண்முன் நிகழும். எதைப் பார்த்து ஓடினார், எங்கே தவறினார் என்று அவர் சாவே நமக்குப் பாடமாகும்.

உதவி தேவைப்பட்டால், உதவத் தயாராக இருப்பவர் தரையில் போட்டுவைத்த குறியைத் தொட்டு, அவரை நீல நிழலாக அழைத்துக்கொள்ளலாம். அவருடன் பேச வழியில்லை. பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. என்னால் தனியாக வெல்ல முடியாத கோபுர வீரனின் முன் ஒரு நீல நிழல் வந்து நின்றது. அரண்மேல் இருந்த வில்லாளிகளை முதலில் முடிக்க வேண்டும் என்பதை ஓடிக் காட்டியே சொல்லிக்கொடுத்தது. அந்த ராட்சதன் சாய்ந்ததும், என் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கிவிட்டு மறைந்தது. எந்த நாட்டவர், என்ன வயது, ஆணா பெண்ணா, எதுவும் எனக்குத் தெரியாது. அதற்குப் பின் வந்த வாரங்களில், அதே கோபுரத்தடியில் என் குறியை நான் போட்டுவைத்துக் காத்திருந்தேன். உதவப் போகிறவருக்கும் சாவில் இழந்த உடல் திரும்பக் கிடைக்கும் என்பது விதி. ஆனால் அந்தப் பலனுக்காக மட்டும் அத்தனை இரவுகள் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இந்த யோசனை வந்த கதையை மியாசாகி சொல்லியிருக்கிறார். ஒரு நாள் கடும் பனியில் மலைச்சாலையில் கார் ஓட்டிப் போனார். மேட்டில் கார்கள் வழுக்கி நின்றுவிட்டன. பின்னால் இருந்த கார் முன்னால் இருந்ததைத் தள்ள, அதற்குப் பின்னால் இருந்தது அதைத் தள்ள, ஒவ்வொன்றாக மேட்டைக் கடந்தன. அவர் காரும் கடந்தது. இறங்கி நன்றி சொல்லலாம் என்றால், நிறுத்தினால் மறுபடி சிக்கிக்கொள்ளும். அப்படியே போய்விட்டார். தன்னைத் தள்ளிவிட்டவரை மறுபடி பார்க்கவே முடியாது என்பதும், வரிசையில் கடைசியாக நின்றவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியும் அவர் மனதில் தங்கிவிட்டன. முகம் தெரியாதவர்கள், இடுக்கண் வந்த ஒரு கணத்துக்கு மட்டும் சேர்ந்து, பேசாமல் பிரியும் அந்த உறவை அப்படியே கேமுக்குள் வைத்தார்.

என் கண்ணுக்கு, அந்த கேமின் தலைவிதியும் அதே மேட்டில்தான் எழுதப்பட்டது. ஆசியப் பதிப்பை வரவழைத்து ஆடிய வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், தாங்கள் கண்டதையெல்லாம் ஒருவருக்கொருவர் எழுதினார்கள். எந்த வாளை எந்தக் கல்லால் தீட்டலாம், எந்தச் சுவருக்குப் பின்னால் வழி இருக்கிறது என்று குறிப்புகள் பெருகின. ஜப்பானில் வாய்வார்த்தையாகவே விற்பனை ஏறி ஒரு லட்சத்தைத் தாண்டியது. சோனி விட்ட இடத்தில் அட்லஸ் நிறுவனம் முன்வந்து, 2009 அக்டோபர் 6 அன்று வட அமெரிக்காவில் வெளியிட்டது. அந்த ஆண்டின் சிறந்த கேம் என்று கேம்ஸ்பாட் இணையதளம் அதைத் தேர்ந்தெடுத்தது. 2010 ஜூனில் நாம்கோ பண்டாய் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. பின்னாலிருந்து ஒவ்வொருவராகத் தள்ளித்தான் அது மேடேறியது.

*

2011 செப்டம்பரில் ‘டார்க் சோல்ஸ்’ வந்தபோது நிலைமை மாறிவிட்டிருந்தது. ஜப்பானுக்கு வெளியே அதை வெளியிட்டது சோனி அல்ல, நாம்கோ பண்டாய். விளம்பரங்களில் சாகத் தயாராக இரு என்றே முழங்கினார்கள். அடுத்த ஆண்டு கணினிக்கு வந்த பதிப்பின் பெயரே ‘பிரிப்பேர் டு டை’. ஒளித்துவைக்க வேண்டிய குறையாக இருந்த கஷ்டம், இரண்டே ஆண்டில் கடையின் பெயர்ப்பலகை ஆகிவிட்டது. கூடவே ஒரு வீறாப்பும் வளர்ந்தது. யார் துணையும் இல்லாமல், வலிமை ஏற்றாமல், கேடயம் எடுக்காமல் வென்றவனே வென்றவன் என்றார்கள். உதவி கேட்டுக் குறி தேடியவர்கள் பரிகசிக்கப்பட்டார்கள்.

நான் இதை ஒருபோதும் ஏற்றதில்லை. உதவி கேட்பதற்காகவே செய்த வழிகளைக் கேவலம் என்று தள்ளினால், கேமைச் செய்தவரின் கையையே தட்டிவிடுகிறோம். கஷ்டம் அங்கே இருப்பது, ஒருவர் இன்னொருவருக்குத் தேவைப்பட வேண்டும் என்பதற்காக. பனி இல்லாத சாலையில் யாரும் யாரையும் தள்ள வேண்டியதில்லை.

சாய்ந்த கணக்குகள் வேகமாக நிமிர்ந்தன. யோஷிதா தாங்கள் நல்ல வாய்ப்பை நழுவவிட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சோனியே பணம் போட்டு 2015 மார்ச்சில் ‘பிளட்போர்ன்’ வந்தது. அதற்கு முன், 2014 மே மாதத்தில் காடோகாவா குழுமம் ஃப்ரம்சாஃப்ட்வேரை வாங்கியது, மியாசாகி தலைவரானார். அனுபவமில்லாதவர் என்று நின்ற மனிதர், உள்ளே நுழைந்த பத்தே ஆண்டில் அதே நிறுவனத்தை நடத்துகிறார்.

‘டீமன்ஸ் சோல்ஸ்’ஸின் கதி வேறாக இருந்தது. ஆன்லைன் சர்வரை 2012 மே மாதத்தில் மூடப்போவதாக அட்லஸ் அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் முடிவை மாற்றிக்கொண்டு தொடர்ந்து நடத்தியது. நஷ்டக் கணக்கு பார்க்காமல் நடத்திய அந்த ஆண்டுகளுக்காக அவர்களை நான் மதிக்கிறேன். 2018 பிப்ரவரி 28 அன்று எல்லா நாடுகளிலும் சர்வர் மூடப்பட்டது. டிஸ்க் ஓடும், கோட்டை இருக்கும், அரக்கர்களும் இருப்பார்கள். தரையில் எழுத்து இருக்காது. நீல நிழல் வராது. அந்த கேமில் ஒரு கோபுர உச்சியில் வரும் பாஸ் என்னும் பெரிய எதிரி, ஆன்லைனில் இருக்கும் இன்னொரு ஆட்டக்காரரையே அழைத்து நம் எதிரே நிறுத்துவார். அந்தப் புதுமையும் அன்றோடு போனது. பிறகு ரசிகர்களே கூடித் தனி சர்வர் ஒன்றை எழுதி, பழைய டிஸ்க்கை மறுபடி இணைத்தார்கள். இங்கேயும் தள்ளியவர்கள் முகம் தெரியாதவர்கள்தான்.

*

2020 நவம்பர் 12 அன்று ப்ளேஸ்டேஷன் 5 அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வெளியானது. அந்தப் புதிய இயந்திரத்தின் வலிமையைக் காட்ட, முதல் நாளே சோனி முன்னிறுத்திய கேம்களில் ஒன்று ‘டீமன்ஸ் சோல்ஸ்’ஸின் மறு ஆக்கம். அமெரிக்காவின் ஆஸ்டினில் இருந்த ப்ளூபாயின்ட் கேம்ஸ், சோனியின் ஜப்பான் கலைக்கூடத்தோடு சேர்ந்து அதைப் புதிதாக வரைந்தது. கல்லின் ஈரம் தெரிகிறது. தீப்பந்தத்தின் வெளிச்சம் கவசத்தில் அசைகிறது. ஷுன்சுகே கிடா அமைத்த எளிய இசை, பெரிய வாத்தியக் குழுவும் கூட்டுக்குரலுமாக எழுந்திருக்கிறது. எதிரிகள் நிற்கும் இடமும் அடிக்கும் கணமும் பழையபடியே இருக்கின்றன. நெக்சஸ் மண்டபத்திலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் கொண்டுபோகும் கற்களில், உடைந்து கிடக்கும் ஆறாவது கல்லை ஒட்டிப் புதிய நாடு ஒன்றைச் சேர்க்காமல், உடைந்தபடியே விட்டிருக்கிறார்கள். அந்த அடக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன். பழைய ஒலியில் இருந்த வறண்ட குளிர் எனக்கு இன்னும் நெருக்கமானது. அதற்காகப் புதியதன் அழகை மறுக்க மாட்டேன்.

அக்கா மகன் எங்கள் தோ பாயோ வீட்டில் அதை ஆடினான். அவன் தலைமுறைக்கு ஒவ்வொரு பாஸையும் வீழ்த்தும் வழி காணொளியாக முன்பே கிடைக்கிறது. பார்த்துவிட்டு வருவான்; நிதானமாக அடித்து முடிப்பான். அது அவனுக்கு வாய்த்த உதவி. எங்களுக்குத் தரையெழுத்து வாய்த்தது போல. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்ப்பேன்.

சதுப்புப் பள்ளத்தாக்குக்கு வந்தான். நாடு வேண்டாமென்று கொட்டியதெல்லாம், மனிதர்கள் உட்பட, வந்து சேரும் அழுக்குக் குழி அது. நச்சுச் சேற்றில் கால் புதையப் புதைய நடந்து முடிவில் போய் நின்றால், அங்கே அரக்கி என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பெயர் அஸ்ட்ரேயா. ஒதுக்கப்பட்டவர்களின் துயரம் தீர்க்க இறங்கி வந்த துறவிப் பெண். அவர்களுக்காகவே அரக்கத்தனத்தை ஏற்றுக்கொண்டவள். அவளாக முன்வந்து நம்மை அடிப்பதில்லை. திரும்பிப் போகச் சொல்கிறாள். அவளைக் காக்க ஒரே ஒரு வீரன் நிற்கிறான். அவனை நாம் கொன்றுவிட்டால், வேண்டியதை எடுத்துக்கொள் என்று தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள்.

அக்கா மகன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டான். “மாமா, இவங்க நல்லவங்கதானே? இவங்கள ஏன் கொல்லணும்?”

“நீயே முடிவு பண்ணுப்பா. நானும் 2009ல இங்கதான் உட்கார்ந்து யோசிச்சேன்.”

“கஷ்டமான கேம்னாங்க. இதுல கஷ்டமே இல்லையே. இது வேற மாதிரில்ல இருக்கு.”

பதினோரு ஆண்டுகளில் விமர்சனமும் விற்பனையும் தலைகீழாகப் புரண்டுவிட்டன. அந்தக் குழியின் முன்னால் வந்து நிற்கும் மனிதருக்கு எழும் கேள்வி மட்டும் புரளவில்லை. உயர்ந்த படைப்பு என்று நான் அதைச் சொல்வதற்கு அதைவிட வேறு சான்று வைத்துக்கொள்வதில்லை.

*

மறு ஆக்கம் வெளியான ஐந்தே மாதத்தில், 2021 ஏப்ரலில், சோனி தன் ஜப்பான் கலைக்கூடத்தைக் கலைத்தது. அங்கே எஞ்சியவர்களை ‘டீம் அசோபி’ என்ற குழுவில் ஒன்றுசேர்த்தது. நீண்ட காலம் இருந்த பலர் வெளியேறினார்கள். ‘இகோ’ பிறந்த இடம் அது. அதை ஆடித்தான் மியாசாகி கேம் உலகுக்கே வந்தார். ‘டீமன்ஸ் சோல்ஸ்’ உருவானபோது உடன் நின்ற இடமும் அதுதான். 2022இல் சோனி ஃப்ரம்சாஃப்ட்வேரின் பங்குகளில் 14 சதவீதத்துக்கும் சற்று மேல் வாங்கியது. 2025 ஜனவரியில் தாய் நிறுவனமான காடோகாவாவின் மிகப் பெரிய பங்குதாரரும் ஆனது. ஒரு காலத்தில் தன் கையில் சும்மா இருந்ததைப் பின்னர் விலை கொடுத்து வாங்கியது. விளைச்சலை வாங்கிக்கொண்டு நாற்றங்காலை மூடுவது போன்ற இந்தக் கணக்கு எனக்கு வருத்தம் தருகிறது.

ஏனென்றால் அடுத்த ‘டீமன்ஸ் சோல்ஸ்’, அதன் நகலாக வராது. அட்டையில் ‘சோல்ஸ்லைக்’ என்று போட்டுக்கொண்டு வராது. நாம் இன்று எதை மோசம் என்று இரண்டு மணி நேரத்தில் ஒதுக்குகிறோமோ, அந்த வடிவத்தில் வரும். தோற்ற திட்டம் ஒன்றைப் புதியவர் கையில் கொடுத்துப் பார்க்கும் மூலை எங்காவது இருந்தால் மட்டுமே வரும். பெரிய நிறுவனங்களின் பணம் கோடிகளில் பெருகப் பெருக, தோற்கலாம் என்ற சலுகை சுருங்கிக்கொண்டே வருகிறது. மியாசாகிக்கு 2004இல் கதவைத் திறந்தவர்களைப் போன்றவர்கள் இன்று எத்தனை இடங்களில் இருக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நிறுவனங்களின் முடிவு நம் கையில் இல்லை. ஆடுகிறவர்களின் பங்கு நம் கையில் இருக்கிறது. 40க்கு 29 வாங்கிய ஒரு கேமை உலகம் அறியச் செய்தவர்கள், அதை வரவழைத்து ஆடி, பிடித்ததை நாலு பேருக்கு எழுதிய சாதாரணமானவர்கள். ஆகவே, விமர்சகர்கள் இரண்டுபட்டு நிற்கும் கேம்களை நான் தேடி வாங்குகிறேன். முதல் எரிச்சலோடு நிறுத்துவதில்லை. நன்றாக இருந்தால் அக்கா மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவன் இப்போது யாருக்கும் தெரியாத ஒரு சிறு குழுவின் கேமைத் தன் வகுப்பில் பரப்பிக்கொண்டிருக்கிறான். அந்த மலைச்சாலையில் கடைசியாக நின்ற காரைப் பற்றி மியாசாகிக்கு இருந்த கவலை நியாயமானது. அதற்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றால் அது கடைசிக் கார் இல்லை.